பத்து மென்பொருள், ஒரு நீள நோட்டு

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் கணவரும் கூட்டாளிகளாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டு விற்றுமுதல் மூன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டியதில்லை. நூலை வாங்கி நிட்டிங், சாயம், துணியின் சுருக்கத்தைச் சரிசெய்யும் காம்பாக்டிங் ஆகியவற்றை வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள். கட்டிங் தொடங்கி பேக்கிங் வரை சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கொழுந்தனாரின் மகன் பொறியியல் முடித்துவிட்டு உதவிக்கு வந்திருக்கிறார். கெட்டிக்காரப் பையன். ஒவ்வொரு தொல்லை வந்தபோதும் அதற்கொரு மென்பொருளை வாங்கிப் போட்டிருக்கிறார். ஏற்கெனவே இருந்த டேலி என்ற கணக்கு மென்பொருளோடு சேர்த்து இப்போது பத்து ஆகிவிட்டன. கொள்முதல் முதல் விற்பனை வரை ஒன்றாக நடத்தும், ஆடைத் தொழிலுக்கான ஓர் இ.ஆர்.பி., போனில் பில் போடும் செயலி, விரல்ரேகை வருகைப்பதிவு, சம்பளக் கணக்குச் செயலி, வேலைப் பட்டியல் செயலி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் சேவை, இரண்டு இணையச் சேமிப்பகங்கள், படம் வடிவமைக்க ஒன்று. சராசரியாக மாதம் 27,000 ரூபாய் போகிறது. அந்தப் பையன் அடுத்த மாதம் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். பாஸ்வேர்டுகள் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன.

அவர் கேட்பது இவை. எதை நிறுத்தலாம்? கணக்கைத் திருத்தினால் தடயம் பதிவாகும் மென்பொருள் சட்டப்படி கட்டாயம் என்கிறார்களே, அப்படியானால் விலை கூடியதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா? அரசுத் தளத்தில் பதிவு செய்து கொடுக்கும் பில்லான இ-இன்வாய்ஸுக்குக் காசு கொடுத்து மென்பொருள் வேண்டுமா? இ.ஆர்.பி. ஒப்பந்தம் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. மாதாமாதம் வங்கியிலிருந்து பணம் தானாகப் போகிறது. "அந்தக் கணக்கில் பணம் வைக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்கிறார் தெரிந்தவர். அப்படிச் செய்யலாமா, இல்லை நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?"

சகோதரி, 27,000 ரூபாய் உங்களைப் பதற வைத்திருக்கிறது. என் கண் நின்றது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில். ஒன்று, சனிக்கிழமைச் சம்பளத்துக்காக வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி வரை கணக்கோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னொன்று, ஈரோட்டுப் பார்ட்டி, விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. பட்டியலான தன் 2பி அறிக்கையில் உங்கள் பில் வரவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார். மென்பொருள்களுக்குக் கொடுக்கும் வாடகையைவிடப் பெரிய செலவு இந்த இரண்டில்தான் இருக்கிறது. ஆகவே விலைப்பட்டியலை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வராதீர்கள். எந்தக் கணக்கு எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று பாருங்கள்; அதை வைத்து வெட்டுங்கள்.

மலிவானது முதலில் போகட்டும்

போனில் பில் போடும் செயலிக்கு மாதம் இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை; "அது இருந்துவிட்டுப் போகட்டும்" என்கிறீர்கள். முதலில் நிற்கவேண்டியது அதுதான். ஆபீசில் டேலியில் ஒரு வரிசை ஓடுகிறது. கணவர் குடோனிலிருந்து போனில் போடும் பில் இன்னொரு வரிசை. இரண்டும் ஏப்ரலில் 1 என்று தொடங்குகின்றன. நீங்கள் அனுப்பிய இரண்டு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் எண் 127. ஒன்று மதுரைப் பார்ட்டிக்கு, மற்றது ஈரோட்டுப் பார்ட்டிக்கு.

ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் முன்னெழுத்து வேறாக இருக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு பில்லை ஏற்ற முயன்றால் தளம் இரண்டாவதை ஏற்காது. ஈரோட்டுக்காரருடைய பில் அப்படித்தான் விடுபட்டிருக்க வேண்டும். விடுபட்ட பில்லை அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் விற்பனை அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் சேர்த்துவிடலாம், ஆண்டு அறிக்கையை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த வாய்ப்பு அத்தோடு முடிந்துவிடும். அந்த விற்பனைக்கான வரி, வரி கட்டும் அறிக்கையான 3பி-யில் கட்டப்பட்டதா என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் உடனே கேளுங்கள். கட்டவில்லையென்றால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

துணிக் கணக்கும் சம்பளக் கணக்கும்

உங்கள் தொழிலில் தொலைந்தால் மீட்க முடியாத கணக்கு, வெளியே போன துணியின் கணக்கு. சாயப்பட்டறைக்கு 312 கிலோ போனது, 296 கிலோ வந்தது என்று ஓர் உதாரணம் எழுதியிருக்கிறீர்கள். சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்களின் புத்தகமான டி.சி. புத்தகத்தில் இரண்டு எடையும் இருக்கின்றன. இ.ஆர்.பி.யில் போன எடை மட்டும் இருக்கிறது, வந்ததை யாரும் ஏற்றவில்லை. டேலியில் 300 என்று யாரோ முழு எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று இடத்தில் எழுதி மூன்றையும் நம்ப முடியாத நிலை. எடை இழப்பு நியாயமானதா என்று பட்டறைக்காரரிடம் பேச நீங்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவீர்கள்?

இது வரிச் சங்கதியும்கூட. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து வாங்க, அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பி வரவேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு. இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே நீங்கள் அதைச் சப்ளை செய்ததாகக் கொண்டு வரி கேட்கலாம். அனுப்பியது, வந்தது இரண்டையும் ஐ.டி.சி.-04 படிவத்தில் காட்ட வேண்டும். ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அது ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் 25-க்குள்.

எனவே துணிக் கணக்கு ஒரே இடத்தில் இருக்கட்டும். எந்த இடம் என்பதில் இரண்டு வழி உண்டு. இ.ஆர்.பி.யில் லாட் வாரியாக, டி.சி. வாரியாகப் பார்க்கும் வசதி நன்றாக இருக்கிறது. ஆனால் வந்த எடையை அன்றன்றே ஏற்ற ஓர் ஆள் வேண்டும். டேலியிலேயே ஜாப் ஒர்க் கணக்கு வைக்கும் வசதியும் உண்டு. அது எளிமையானது, நிறுவனத்துக்குச் சொந்தமான நிரந்தர லைசென்ஸ், ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டாலும் அடிப்படைக் கணக்கு திறக்கும். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு டேலியும் ஒழுங்கான டி.சி. புத்தகமும் போதும் என்பது என் கருத்து. இ.ஆர்.பி. விற்க வருபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒப்பந்தப் பணம் எப்படியும் போகப்போகிறது. அதனால் மிச்சமுள்ள பதினான்கு மாதமும் இ.ஆர்.பி.யில் துணிக் கணக்கை மட்டும் சரியாக ஓட்டுங்கள். டேலியில் ஜாப் ஒர்க் கூலி பில் வரும்போது அதை மட்டும் பதியுங்கள். நடுவில் ஒரே ஒரு ஸ்டைலை, அதாவது ஒரு ஆடை மாதிரியை, நூல் வாங்கியதிலிருந்து பேக்கிங் வரை டேலியிலும் நடத்திப் பாருங்கள். அது ஒத்துவந்தால் ஒப்பந்தம் முடியும் நாளில் தயக்கம் இருக்காது.

இனி வெள்ளிக்கிழமை இரவு. சூப்பர்வைசர் நீள நோட்டில் யார் ஒரு ஷிப்ட், யார் ஒன்றரை ஷிப்ட் என்று எழுதுகிறார். விரல்ரேகை இயந்திரம் நேரத்தைப் பதிகிறது. கைவிரல் தேய்ந்த அயர்னிங்காரரை அது பாதி நாள் அடையாளமே காண்பதில்லை. இரண்டையும் ஒப்பிட்டு நீங்கள் எக்செல்லில் போடுகிறீர்கள். அதைச் சம்பளச் செயலியில் ஏற்றி, பிறகு டேலியில் மொத்தத் தொகையைப் பதிகிறீர்கள். ஒரே ஷிப்ட் ஐந்து இடத்தில். இதில் தகராறு வந்தால் எல்லாரும் எதை எடுத்துப் பார்க்கிறார்கள்? நோட்டை. தொழிலாளியும் அதைத்தான் நம்புகிறார். அப்படியிருக்க நோட்டை ஒழித்துவிட்டு எல்லாம் கணினியில் என்று மாற்ற நினைக்காதீர்கள்.

நோட்டு இருக்கட்டும், இயந்திரமும் இருக்கட்டும், எக்செல் இருக்கட்டும். சம்பளச் செயலியை நிறுத்திவிடலாம். பி.எப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் மறு மாதம் 15-க்குள் அரசின் தளங்களிலேயே கட்டணம் இல்லாமல் தாக்கல் செய்யலாம். நாற்பது பேருக்கு அது பெரிய வேலையில்லை. நோட்டில் உள்ளதைத் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒருவர் எக்செல்லில் ஏற்றிவிட்டால், வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கூட்டிச் சரிபார்க்கும் வேலை மட்டும்தான் மிஞ்சும். இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

மற்றவற்றுக்கு அதிக யோசனை வேண்டாம். வேலைப் பட்டியல் செயலியை அந்தப் பையனைத் தவிர யாரும் திறப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சேமிப்பகங்களில் ஒன்று போதும். மொத்தச் செய்திச் சேவையால் ஓர் ஆர்டரும் வந்ததாகத் தெரியவில்லை. படம் வடிவமைப்பதை தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா கட்டிச் செய்துகொள்ளலாம்.

நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் சில திருத்தங்கள்

கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் தடயமும் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. ஆனால் அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளுக்கானது. ஊரில் எல்லாரும் பனியன் கம்பெனி என்று அழைத்தாலும் நீங்கள் நடத்துவது கூட்டாண்மை நிறுவனம். இந்த விதி உங்களைக் கட்டாது. அதைச் சொல்லி உங்களிடம் விலை கூடியதை விற்றவர் அரை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். தடயம் பதிவாவது நல்ல பழக்கம்தான், அது வேறு.

இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் 1 முதல், ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய விற்றுமுதலுக்குக் கட்டாயம். இங்கே பலர் சறுக்குகிறார்கள். போன ஆண்டு தாண்டவில்லை என்பது மட்டும் போதாது. 2017-18 முதல் எந்த ஓர் ஆண்டிலாவது ஐந்து கோடியைத் தாண்டியிருந்தால் அந்தக் கட்டாயம் வந்துவிடும். ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாக் கிளைகளும் சேர்த்துத்தான் கணக்கு. உங்களுக்கு அது வரவில்லை. வந்தாலும் அரசு தரும் இலவசக் கருவியிலேயே போட்டுக்கொள்ளலாம். சரக்கு வண்டியோடு போகவேண்டிய மின்-சீட்டான இ-வே பில்லும் அப்படியே. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் சரக்குக்கும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டும் சரக்குக்கும் அது வேண்டும். வெளிமாநிலத்துக்கு ஜாப் ஒர்க்காக அனுப்பினால் மதிப்பு எதுவானாலும் வேண்டும். இதற்கென்று தனிச் சந்தா கட்டத் தேவையில்லை.

வங்கிக் கணக்கைக் காலியாக வைக்கும் யோசனையை உடனே மறந்துவிடுங்கள். நீங்கள் கொடுத்திருப்பது தானியங்கிப் பற்று உத்தரவு. போதிய பணம் இல்லாமல் அது திரும்பினால், செக் திரும்புவதைப் போன்ற குற்றமாகவே 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு பார்க்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். சில ஆயிரம் மிச்சப்படுத்தப் போய்க் கோர்ட்டு வாசலில் நிற்கும்படி ஆகிவிடும்.

நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குச் சுலபமான வழியில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. நாற்பது பேரை வைத்து நடத்தும் நீங்கள் அதற்குள் வருவது கடினம்.

உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தமும் பேச்சும்தான். ஒப்பந்தத்தில் முடித்துக்கொள்ள எத்தனை நாள் அறிவிப்பு, பாதியில் நிறுத்தினால் என்ன தொகை, தகராறு எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போகும் என்ற மூன்றையும் பாருங்கள். பாதியில் விலகினால் மிச்சப் பணம் முழுவதும் கட்டவேண்டும் என்று எழுதியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு, எழுதப்பட்ட தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. இதைச் சண்டைக்குப் பயன்படுத்தாமல் பேரத்துக்குப் பயன்படுத்துங்கள். ஒப்பந்தத்தை உடைக்காமலே, பயன்படுத்தாத மாட்யூல்களையும் (மென்பொருளின் தனித்தனிப் பகுதிகள்) பயனர் எண்ணிக்கையையும் குறைத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், வாடிக்கையாளர் முழுதாகப் போவதைவிட அது அவர்களுக்கு மேல். ஒன்று மட்டும் கவனம். விற்பனையாளர், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், கொடுக்கவேண்டியதை இழுத்தடிப்பது கூட்டுவட்டியில் முடியும். தானியங்கிப் பற்றை ரத்து செய்வதும் ஒப்பந்தத்தை முடிப்பதும் வேறு வேறு. முதலில் எழுத்தில் முடித்து, பதில் வாங்கி, பிறகு வங்கியில் ரத்து செய்யுங்கள்.

கார்டில் போகும் சின்னச் சந்தாக்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும். உத்தரவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அந்த அறிவிப்பு யாருடைய போனுக்கு வருகிறது என்பதுதான் உங்கள் வீட்டில் கேள்வி.

பையன் பெங்களூர் போவதற்குள்

அவசரம் இங்கேதான். எல்லாக் கணக்குகளும் அவருடைய கல்லூரிக் கால மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்கின்றன, ஓ.டி.பி. அவருடைய எண்ணுக்குப் போகிறது. இரண்டு வெளிநாட்டுச் செயலிகளுக்கு அவருடைய சொந்த கிரெடிட் கார்டில் பணம் போகிறது. பில் அவர் பெயரில் இருந்தால் உங்கள் நிறுவனத்துக்கு வரிவரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடைக்காது. செலவாகக் காட்டுவதும் சிக்கல். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்திருந்தாலோ இன்னொரு பொறுப்பு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு 18 சதவீத வரியை வாங்குபவரே கட்டவேண்டும். கட்டிய பிறகு வரவு எடுத்துக்கொள்ளலாம். சின்னத் தொகை என்று விடுவதால் இது பின்னால் நோட்டீஸாக வருகிறது. எல்லாப் பில்களையும் இறக்கி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, நிறுத்தப்போகும் கணக்குகள் உட்பட எல்லாவற்றின் உரிமையையும் அதற்கு மாற்றச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அவருடைய எண் இருந்தால் திருத்த விண்ணப்பம் போட்டு மாற்றுங்கள்.

எதையும் நிறுத்துவதற்கு முன் அதிலுள்ள தகவலை எக்செல்லாகவும் பி.டி.எப். ஆகவும் இறக்கி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை வீட்டில் ஹார்டு டிஸ்கில் வையுங்கள், மற்றதை ஆடிட்டரிடம் கொடுங்கள். அதை வேறு கணினியில் திறந்து, ஏதாவது ஒரு பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகே சந்தாவை ரத்து செய்யுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25-க்கான கெடு 2025 டிசம்பர் 31. ஆக 2031 டிசம்பர் முடியும் வரை அந்த ஆண்டுக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். நிறுத்திய செயலிக்காரர் அதுவரை உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். சம்பளச் செயலியில் தொழிலாளர்களின் ஆதார் நகல்கள் ஏற்றப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிரதி எடுத்த பின் அவற்றை அழிக்கும்படி எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இதையெல்லாம் அந்தப் பையனை வைத்தே செய்யுங்கள். "நீ போட்டதெல்லாம் தண்டம்" என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் பாஸ்வேர்டு கேட்பதுகூடச் சங்கடமாகிவிடும். கொழுந்தனார் குடும்பத்தோடும் மனக்கசப்பு வரும். அன்றைக்கு இருந்த தொல்லைக்கு அவர் தனக்குத் தெரிந்த வழியைச் செய்தார். எது எதற்கு வாங்கப்பட்டது, யார் பயன்படுத்துகிறார்கள், அடுத்த பணம் எந்தத் தேதியில் போகும் என்று ஒரு தாளில் அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்காருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிறுத்த வேண்டாம். போன் பில் செயலி இன்றைக்கே. யாரும் திறக்காதவை இந்த மாதம். சம்பளச் செயலியை, மாலை ஆறு மணிப் பதிவு ஒரு மாதம் பிசகாமல் நடந்த பிறகு. தீபாவளி ஆர்டர் நேரத்திலும் மார்ச் கடைசியிலும் எதையும் தொடாதீர்கள். இ.ஆர்.பி. விஷயத்தில் மட்டும் முடிவெடுக்கும் முன் ஒப்பந்தத்தின் முடித்துக்கொள்ளும் நிபந்தனை உள்ள பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.